ஏ.பி.ஆர்.எஸ். புள்ளி மேப்பில் வரவில்லையா? அறிகுறி பார்த்துக் கோளாறு பிடிக்கும் வழி

ஹாம் ரேடியோ வழியே வண்டி இருக்கும் இடத்தை மேப்பில் காட்டும் ஏ.பி.ஆர்.எஸ். அமைப்பில் திரும்பத் திரும்ப வரும் கோளாறுகள் கொஞ்சம்தான். எல்லாமே ஒரே புகாராக வந்து நிற்பதுதான் சிக்கல்: "மேப்பில் தெரியவில்லை." உடனே ஆன்டெனாவை மாற்றி, கேபிளை மாற்றி, மென்பொருளையும் மறுபடி நிறுவிவிடுகிறார்கள். அப்புறம் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு வரும்போது மீண்டும் முதலிலிருந்து. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கீழே உள்ளவை 2 மீட்டர் பட்டையில் 1200 பாட் வேகத்தில் ஓடும் வழக்கமான அமைப்புக்கு: ஹேண்டி (கையடக்க ரேடியோ) அல்லது கார் ரிக் (வண்டியில் பொருத்தும் ரேடியோ), ஜி.பி.எஸ்., இடத்தைப் பேக்கெட் என்ற சிறு தரவுத் துண்டாக ஒலியில் அனுப்பும் ஒரு டிராக்கர் (தனிப் பலகையாகவோ, போனில் ஏ.பி.ஆர்.எஸ்.டிராய்டு செயலியாகவோ, ராஸ்பெரி பையில் டைர்வுல்ஃப் மென்பொருளாகவோ இருக்கலாம்), ரேடியோவில் கேட்ட பேக்கெட்டை இணையத்துக்கு ஏற்றும் ஐகேட் எங்கோ ஒன்று. உரிமமும் கால்சைனும் (உங்கள் நிலையத்தின் அழைப்புக் குறி) இருக்கின்றன என்று எடுத்துக்கொள்கிறோம்.

கையில் வேண்டியவை: இரண்டாவது ரிசீவர் ஒன்று (இன்னொரு ஹேண்டி, இல்லையென்றால் கணினியில் செருகும் எஸ்.டி.ஆர். டாங்கிள்), டம்மி லோட் (ஆன்டெனாவுக்குப் பதில் மாட்டி, திறனை வெளியே விடாமல் உறிஞ்சுவது), மல்டிமீட்டர்.

## முதல் வேலை: கோளாறு எந்தப் பாதியில்?

மேப்பை மூடிவையுங்கள். அது கடைசி சாட்சி. அதற்கு முன்னால் நாலு பேர் பார்த்திருக்க வேண்டும்.

இரண்டாவது ரிசீவரை அதே அலைவரிசையில் வைத்து, ஸ்குவெல்சை (சிக்னல் இல்லாதபோது இரைச்சலை அடக்கும் அமைப்பு) பூஜ்யமாக்கி, டிராக்கரைக் கையால் ஒருமுறை அனுப்பச் செய்யுங்கள். இரைச்சல் சட்டென்று அடங்கி, ஒரு நொடிக்கும் குறைவாகக் கரகரவென்று பேக்கெட் ஒலி கேட்க வேண்டும்.

- இரைச்சல் அடங்கவே இல்லை என்றால், டிராக்கர் அனுப்பவில்லை. பிரிவு 1.
- அனுப்பத் தொடங்கி நிற்கவே இல்லை, அல்லது அனுப்பும்போதெல்லாம் டிராக்கர் அணைந்து எழுகிறது என்றால், பிரிவு 2.
- ஒலி கேட்கிறது, ஆனால் பக்கத்தில் உள்ள டைர்வுல்ஃப் அதை எழுத்தாக மாற்றவில்லை என்றால், பிரிவு 3.
- பக்கத்தில் டீகோட் ஆகிறது, மேப்பில் இல்லை என்றால், பிரிவு 4.
- மேப்பில் இருக்கிறது, இடம் தவறு என்றால், பிரிவு 5.

இதற்கெல்லாம் முன்னால் அலைவரிசையை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். வட அமெரிக்காவில் 144.390, ஐரோப்பாவில் 144.800, ஆஸ்திரேலியாவில் 145.175 மெகாஹெர்ட்ஸ். இணையத்தில் கிடைத்த அமைப்புக் கோப்பை அப்படியே ஏற்றியவர்களின் ரிக் வேறொரு கண்டத்தின் அலைவரிசையில் நின்றிருப்பது சாதாரணம். உங்கள் ஊர் ஹாம்கள் எதில் கூடியிருக்கிறார்களோ அதுதான் உங்களுக்கு. தனியாக வேறொன்றில் நின்றால் எல்லாம் சரியாக இருந்தும் கேட்க ஆளிருக்காது.

## 1. டிராக்கர் அனுப்பவே இல்லை

மேசை மேல் வைத்திருக்கிறீர்களா? ஸ்மார்ட்பீக்கனிங் (வேகத்துக்கும் திருப்பத்துக்கும் ஏற்ப அனுப்பும் இடைவெளியை மாற்றும் முறை) ஓடினால் அசையாத டிராக்கர் மெதுவான இடைவெளிக்குப் போய்விடும். பல அமைப்புகளில் அது 1800 நொடி, அதாவது அரை மணி. இது கோளாறே இல்லை. சோதனை முடியும்வரை ஸ்மார்ட்பீக்கனிங்கை அணைத்து, 60 நொடிக்கு ஒருமுறை என்று வையுங்கள். சோதனை முடிந்ததும் மறக்காமல் திருப்பிவிடுங்கள். நிற்கும் வண்டி நிமிடத்துக்கு ஒருமுறை அலைவரிசையை அடைத்துக்கொண்டிருந்தால் ஊரே திட்டும்.

ஜி.பி.எஸ். பூட்டு விழுந்ததா, அதாவது செயற்கைக்கோள்களைப் பிடித்து இடம் கண்டுவிட்டதா? பல மாதம் அணைந்திருந்த ஜி.பி.எஸ். தொகுதிக்கு வானத்தின் முழு அட்டவணையை இறக்கவே 12.5 நிமிடம் ஆகும். திறந்த வானத்தின் கீழே கால் மணி நேரம் விடுங்கள். வீட்டுக் கூரையும் உலோகப் பூச்சுள்ள கார்க் கண்ணாடியும் கணக்கில் சேராது.

பூட்டு உண்மையில் இருக்கிறதா என்பதை விளக்கைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஜி.பி.எஸ்.ஸைக் கணினியில் இணைத்து, வரும் வரிகளைப் படியுங்கள். ஆர்.எம்.சி. என்று முடியும் தலைப்புள்ள வரியில் நேரத்துக்கு அடுத்து வரும் எழுத்து 'ஏ' என்றால் பூட்டு உண்டு. 'வி' என்றால் இல்லை.

வரி சரி, டிராக்கருக்குத்தான் புரியவில்லை. இங்கே இரண்டு காரணங்கள். ஒன்று, வேகம்: பழைய டிராக்கர்கள் 4800 பாட் எதிர்பார்க்கும்; யூ-ப்ளாக்ஸ் நியோ-6எம் போன்ற தொகுதிகள் 9600-இல் வரும். இரண்டாவது, தலைப்பு: பல நாட்டுச் செயற்கைக்கோள்களைச் சேர்த்துக் கேட்கும் புதிய தொகுதிகள் (நியோ-எம்8 வரிசை) வரியை 'ஜி.என்.' என்று தொடங்கும். அமெரிக்க ஜி.பி.எஸ்.ஸை மட்டும் அறிந்த பழைய டிராக்கர் 'ஜி.பி.' என்று தொடங்கும் வரிக்காகவே காத்திருக்கும். விளக்கு எரியும், தரவு ஓடும், பேக்கெட் மட்டும் போகாது. யூ-ப்ளாக்ஸின் யூ-சென்டர் மென்பொருளில் தலைப்பை 'ஜி.பி.' என்று மாற்றி, தொகுதியின் நினைவில் சேமியுங்கள். சேமிக்காமல் விட்டால் மின்சாரம் போய் வந்ததும் பழையபடி ஆகிவிடும்.

அலைவரிசை காலியாக இல்லை என்று டிராக்கர் நினைக்கிறதா? அனுப்பும் முன் காது கொடுத்துக் கேட்பது டிராக்கரின் வேலை. சில எளிய டிராக்கர்கள் எந்த ஒலி வந்தாலும் யாரோ பேசுகிறார் என்று கொள்ளும். அவற்றோடு ஸ்குவெல்சைத் திறந்துவைத்தால் இரைச்சலையே பேச்சு என்று எண்ணி மணிக்கணக்காகக் காத்திருக்கும். ஒலி உள்ளே வரும் கம்பியைக் கழற்றிப் பாருங்கள். உடனே அனுப்பினால் இதுதான். அப்படிப்பட்ட டிராக்கருக்கு மட்டும் ஸ்குவெல்சைச் சற்று மூடுங்கள். ஹேண்டியின் 'அலைவரிசை வேலையில் இருந்தால் அனுப்பாதே' என்ற பூட்டையும் அணையுங்கள்.

பி.டி.டி. கம்பி, அதாவது ரேடியோவை அனுப்பச் சொல்லும் கம்பி. டிராக்கரின் அனுப்பு விளக்கு எரிந்தும் ரேடியோ அனுப்பவில்லை என்றால் கம்பிதான். பாவ்ஃபெங், கென்வுட் வகை இரட்டைப் பின்னில் 3.5 மி.மீ. பின்னின் அடிவளையமும் 2.5 மி.மீ. பின்னின் அடிவளையமும் சேர்ந்தால்தான் பி.டி.டி. விழும். யேசு, ஐகாம் ஹேண்டிகள் பலவற்றில் மைக்கும் பி.டி.டி.யும் ஒரே கம்பி, இடையில் 2.2 கிலோ ஓம் அளவில் ஒரு ரெசிஸ்டர் வேண்டும். ஒன்றுக்குச் செய்த கம்பி இன்னொன்றுக்கு ஆகாது.

கம்பியும் சரி, கையால் பி.டி.டி.யை அழுத்தினாலும் டம்மி லோடில் திறன் வரவில்லை என்றால் கோளாறு ரேடியோவின் உள்ளே. இறுதிக்கட்ட டிரான்சிஸ்டர் போயிருக்கலாம். 5 வாட் மலிவு ஹேண்டிக்கு அந்தச் செலவு தகாது. கார் ரிக் என்றால் ரேடியோ பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

## 2. அனுப்பத் தொடங்கினால் தொல்லை

கம்பியைச் செருகியதுமே அனுப்பத் தொடங்கி நிற்கவில்லை. பாவ்ஃபெங்கையும் கணினியையும் நேரே கம்பியால் இணைத்தவர்கள் பார்ப்பது இது. மேலே சொன்ன இரண்டு அடிவளையங்களும் கணினியின் சவுண்ட் கார்டுக்குள் ஒரே தரையில் சேர்ந்துவிடுகின்றன. ரேடியோவுக்கு அது பி.டி.டி. மாதிரி. ஒலிக் கம்பிகள் இரண்டிலும் 600 ஓம், 1:1 ஆடியோ டிரான்ஸ்பார்மர் வைத்துப் பிரியுங்கள், பி.டி.டி.க்கு பி.சி.817 ஆப்டோகப்ளர் ஒன்று போதும். சென்னை ரிச்சி தெரு போன்ற இடங்களில் இவை சில்லறைக்குக் கிடைக்கும். சால்டர் பிடிக்க விருப்பமில்லாதவர்கள் இந்தப் பிரிப்போடு வரும் ஆயத்த இன்டர்ஃபேசை வாங்கலாம்.

கணினி பூட் ஆகும்போது மட்டும் அனுப்புகிறது. சீரியல் போர்ட்டின் ஆர்.டி.எஸ். கோடு இயங்குதளம் எழும்வரை தன்னிச்சையாக ஏறி இறங்கும். பூட் முடிந்த பிறகு ரேடியோவை எழுப்புங்கள். எந்த நிலையிலும் ரேடியோவின் அனுப்பு நேர வரம்பை அதன் மிகக் குறைந்த மதிப்பில் வையுங்கள். பேக்கெட்டுக்கு ஒரு நொடி போதும், ரேடியோ தானே நின்றுகொள்ளும்.

அதிகத் திறனில் மட்டும் சிக்கிக்கொள்கிறது. 5 வாட்டில் ஒழுங்காக ஓடி, 50 வாட்டில் பி.டி.டி. விடாமல் பிடித்துக்கொண்டால், அல்லது யூ.எஸ்.பி. அறுந்தால், ஆன்டெனாவிலிருந்து ரேடியோ அலை கம்பிக்குள் ஏறுகிறது. 43 வகைக் கலவை ஃபெரைட் கிளிப்பை கம்பியின் இரு முனையிலும் மாட்டி, முடிந்தால் இரண்டு மூன்று சுற்று சுற்றுங்கள். ஆன்டெனாவைக் கம்பியிலிருந்து தள்ளிவைப்பது அதைவிடப் பலன் தரும்.

அனுப்பும்போதெல்லாம் டிராக்கர் ரீசெட் ஆகிறது. மின்னழுத்தம் சரிகிறது. 50 வாட் ரிக் அனுப்பும்போது 10 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சிகரெட் லைட்டர் சாக்கெட்டும் அதன் மெல்லிய கம்பியும் அதற்கானவை அல்ல. அனுப்பும் அந்த நொடியில் ரிக்கின் முனையிலேயே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 12 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் பேட்டரியிலிருந்து நேரே தடித்த கம்பி இழுத்து, பேட்டரி அருகிலேயே ஃப்யூஸ் போடுங்கள். புதிய கார்களில் பேட்டரியைக் கண்காணிக்கும் உணரி எதிர்முனையில் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டி இணைத்தால் வண்டியின் கணக்கு குழம்பும். அப்படிப்பட்ட வண்டி என்றால் ஆட்டோ எலெக்ட்ரீஷியனை அழையுங்கள்.

அனுப்பியதும் ஜி.பி.எஸ். பூட்டு விட்டுப்போகிறது. இரண்டு ஆன்டெனாவும் மிக நெருக்கம். ஒரு மீட்டர் தள்ளுங்கள், அல்லது திறனைக் குறையுங்கள்.

## 3. ஒலி கேட்கிறது, டீகோட் ஆகவில்லை

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். ஏ.பி.ஆர்.எஸ். பேக்கெட்டில் பிழை திருத்தம் கிடையாது. கடைசியில் வரும் 16 பிட் சரிபார்ப்பு எண் பொருந்தவில்லை என்றால் முழு பேக்கெட்டும் குப்பைக்குப் போகும். ஒரே ஒரு பிட் கெட்டாலும் அதே கதிதான். காதுக்குப் பளிச்சென்று கேட்கும் பேக்கெட் டீகோட் ஆகாமல் போவது இதனால். இந்த அறிகுறியில் ஆன்டெனாவைத் தொடவே வேண்டாம். பெரும்பாலும் ஒலி அளவுதான்.

### 3அ. உங்கள் பேக்கெட்டை யாரும் டீகோட் செய்யவில்லை

அனுப்பும் ஒலி அதிகம். புதிதாகத் தொடங்குபவர்கள் எல்லோரும் ஒலியைக் கூட்டித்தான் வைப்பார்கள். ரேடியோவுக்குள் இருக்கும் லிமிட்டர் அலையின் தலையை வெட்டிவிடும். 1200, 2200 ஹெர்ட்ஸ் என்ற இரண்டு ஒலிகளும் உருக்குலையும். குறிக்கோள் 3 முதல் 3.5 கிலோஹெர்ட்ஸ் டீவியேஷன் (ஒலியால் அலைவரிசை விலகும் அளவு). அளக்கும் கருவி இல்லாமலே கிட்டத்தட்ட அங்கே போகலாம்:

1. டம்மி லோடில், குறைந்த திறனில், டிராக்கரின் ஒலிச் சோதனையை ஓடவிடுங்கள்.
2. இரண்டாவது ரிசீவரில் கேட்டபடியே டிராக்கரின் அளவைப் பூஜ்யத்திலிருந்து மெல்லக் கூட்டுங்கள். ஒலி கூடிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் கூடுவது நின்றுவிடும். அதுதான் லிமிட்டர்.
3. அங்கிருந்து ஒலி தெளிவாகக் குறைவது காதுக்குத் தெரியும்வரை பின்வாங்குங்கள். சாதாரணப் பேச்சைவிடப் பேக்கெட் சற்று மெலிதாகக் கேட்டால் சரி.

சவுண்ட் கார்டின் ஒலி மைக் உள்ளீட்டுக்கு நேரே போனால் கட்டுப்பாட்டின் அடிமட்டத்திலேயே லிமிட்டரைத் தொட்டுவிடும்; கட்டுப்பாட்டின் 1 என்ற அளவுக்கும் 2 என்ற அளவுக்கும் நடுவே சரிசெய்ய இடமிருக்காது. தொடராக 100 கிலோ ஓம், தரைக்கு 1 கிலோ ஓம், மைக் பக்கம் 1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்று போட்டால் அளவு நூறில் ஒன்றாக இறங்கும். கட்டுப்பாடு நடுவில் வந்து நிற்கும்.

தலை வெட்டுப்படுகிறது. பி.டி.டி. விழுந்து ரேடியோ முழுத் திறனுக்கு வருவதற்குள் பேக்கெட் தொடங்கிவிட்டது. டி.எக்ஸ். டிலேயை (பி.டி.டி. விழுந்தபின் பேக்கெட் தொடங்கும்வரை காத்திருக்கும் நேரம்) 300 மில்லிநொடியில் தொடங்குங்கள். டைர்வுல்ஃபில் அது 10 மில்லிநொடிக் கணக்கு, எனவே 30 என்று எழுத வேண்டும். 300 என்று எழுதினால் அதற்கு 3 நொடி என்று பொருள். மலிவு ஹேண்டிகளுக்கு 400, 500 மில்லிநொடி வரை தேவைப்படலாம்.

வாக்ஸ் வைத்திருக்கிறீர்களா? போனிலிருந்து ஒரே கம்பியில் அனுப்ப வாக்ஸ் வசதிதான். ஆனால் ஒலி வந்த பிறகே அது விழித்துக்கொள்கிறது, முடிந்த பிறகும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. டி.எக்ஸ். டிலேயை ஒரு நொடிக்கு ஏற்றிச் சமாளிக்கலாம். நிரந்தரமாக ஓடும் டிராக்கருக்கு வாக்ஸ் வேண்டாம், பி.டி.டி. கம்பியோடு வரும் புளூடூத் டி.என்.சி. (பேக்கெட்டை ஒலியாகவும் ஒலியைப் பேக்கெட்டாகவும் மாற்றும் பெட்டி) வாங்கிவிடுவது நல்லது.

ஹேண்டியின் மெனு. குறுகிய அலைவரிசை என்பதை அகலமாக மாற்றுங்கள். பேட்டரி சேமிப்பை அணையுங்கள். ரிசீவர் தூங்கி எழும் இடைவெளியில் பேக்கெட் போய்விடும். இரட்டை அலைவரிசைக் காவலை அணையுங்கள். சி.டி.சி.எஸ்.எஸ். டோன் எதுவும் வேண்டாம். பேசி முடித்ததும் வரும் பீப் ஒலியும் வேண்டாம்.

இவ்வளவுக்குப் பிறகும் பக்கத்து அறையில்கூட டீகோட் ஆகவில்லை என்றால், சர்வீஸ் மானிட்டர் வைத்திருப்பவரிடம் ரேடியோவைக் கொண்டுபோங்கள். டீவியேஷனையும் அலைவரிசை நகர்வையும் பத்து நிமிடத்தில் அளந்து சொல்லிவிடுவார். அளக்காமல் ரேடியோவைத் திறந்து உள்ளே இருக்கும் திருகுகளைத் திருப்பாதீர்கள்.

### 3ஆ. மற்றவர்களின் பேக்கெட் உங்களுக்கு டீகோட் ஆகவில்லை

ஸ்குவெல்ச் பூஜ்யம். டைர்வுல்ஃப் போன்ற மென்பொருளுக்கு இரைச்சல் தொல்லையே இல்லை. மூடிய ஸ்குவெல்ச் திறக்க எடுக்கும் நேரம்தான் பேக்கெட்டின் தலையை விழுங்கும்.

டைர்வுல்ஃப் ஒவ்வொரு பேக்கெட்டுக்கும் ஒலி அளவு ஒன்றைக் காட்டும். பெரும்பாலான நிலையங்கள் 50-ஐ ஒட்டி வரட்டும். 100-ஐத் தாண்டினால் ரிசீவரின் ஒலியைக் குறையுங்கள். 10-க்குக் கீழே என்றால் கூட்டுங்கள். லினக்சில் ஆல்சாமிக்சரைத் திறந்து 'ஆட்டோ கெயின் கன்ட்ரோல்', 'மைக் பூஸ்ட்' இரண்டையும் அணையுங்கள். மலிவு யூ.எஸ்.பி. சவுண்ட் கார்டுகளில் முதலாவது எப்போதும் இயங்கிக்கொண்டே வரும். இரைச்சலின்போது ஏற்றி, பேக்கெட்டின்போது இறக்கி, அலையைக் கெடுக்கும்.

அளவுக்கு அடுத்து அடைப்புக்குள் வரும் இரண்டு எண்களைப் பலர் கவனிப்பதில்லை. அவை 1200, 2200 ஹெர்ட்ஸ் ஒலிகளின் தனித்தனி அளவு. எல்லா நிலையங்களுக்கும் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு இருந்தால், ரேடியோவின் எந்தத் துளையிலிருந்து ஒலி எடுக்கிறீர்கள் என்று பாருங்கள். 6 பின் மினி டின் டேட்டா சாக்கெட் என்றால் 1200 பாட்டுக்கு 5-ஆம் பின். 4-ஆம் பின் 9600-க்கானது. ஒரே ஒரு நிலையத்துக்கு மட்டும் அப்படி வந்தால் கோளாறு அவரிடம். பண்பாகச் சொல்லுங்கள்.

டி.என்.சி. பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று: மென்பொருள் கிஸ் முறையை எதிர்பார்த்து, பெட்டி கட்டளை முறையில் நின்றால் திரை முழுக்கப் புரியாத எழுத்து ஓடும். பெட்டியைக் கிஸ் முறைக்கு மாற்றினால் தீர்ந்தது.

## 4. பக்கத்தில் டீகோட் ஆகிறது, மேப்பில் இல்லை

இப்போது ஏ.பி.ஆர்.எஸ். டாட் எஃப்.ஐ தளத்தைத் திறக்கலாம். அதிலும் மேப்பை விட்டு 'ரா பேக்கெட்' பக்கத்துக்குப் போங்கள். உங்கள் கால்சைனை அதன் பின்னொட்டு எண்ணோடு (காருக்கு -9, ஹேண்டிக்கு -7 என்பது வழக்கம்) தேடுங்கள்.

அங்கே பேக்கெட் இருக்கிறது, சிவப்பில் ஒரு குறிப்போடு. தளம் பெற்றுக்கொண்டு, மேப்பில் போட மறுத்திருக்கிறது. இட வடிவம் தவறு, மிக வேகமாக இடம் மாறுகிறது, 5 நொடிக்குள் மறுபடி அனுப்பினீர்கள் என்று காரணம் அங்கேயே இருக்கும். பிரிவு 5-க்குப் போங்கள்.

பேக்கெட் இருக்கிறது, ஆனால் ரேடியோ வழி வந்ததல்ல. பேக்கெட்டின் வழியைக் காட்டும் பாதைப் பகுதியில் சிறிய 'க்யூ'வில் தொடங்கும் மூன்றெழுத்துக் குறியைப் பாருங்கள். க்யூ.ஏ.ஆர். அல்லது க்யூ.ஏ.ஓ. என்றால் ஒரு ஐகேட் ரேடியோவில் கேட்டு ஏற்றியது. அடுத்து இருப்பது அந்த ஐகேட்டின் கால்சைன். க்யூ.ஏ.சி. என்றால் உங்கள் மென்பொருளே இணையம் வழியே நேராக அனுப்பியது. போன் செயலியை இணைய முறையில் விட்டுவிட்டு, ரேடியோ அருமையாகப் போகிறது என்று மகிழ்ந்திருப்பவர்கள் உண்டு.

பேக்கெட்டே இல்லை. வரிசையாகப் பாருங்கள்.

பாதை: வண்டிக்கு வைட்1-1,வைட்2-1 போதும். பாதை காலியாக இருந்தால் எந்த டிஜிபீட்டரும் (கேட்ட பேக்கெட்டை ரேடியோவில் மறுபடி அனுப்பும் நிலையம்) எடுத்துச் சொல்லாது. வைட்7-7 என்று பெரிதாக எழுதினால் பல டிஜிபீட்டர்கள் வேண்டுமென்றே ஒதுக்கும். நோகேட், ஆர்.எஃப்.ஒன்லி என்ற சொற்கள் பாதையில் இருந்தால் ஐகேட் இணையத்துக்கு ஏற்றாது. சோதனைக்காக யாரோ எழுதியது அமைப்புக் கோப்பில் தங்கியிருக்கும்.

கால்சைன்: தொழிற்சாலையில் வைத்த 'நோகால்' இன்னும் இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐகேட் இருக்கிறதா: இதுதான் நம் பக்கத்தில் உண்மையான காரணமாக அடிக்கடி நிற்பது. ஐரோப்பிய ஊர்களைப் போல மூலைக்கு ஒரு ஐகேட் இங்கே இல்லை. அதே தளத்தின் மேப்பில் உங்கள் ஊரைச் சுற்றிக் கடந்த சில நாளில் ரேடியோ வழி வந்த நிலையம் ஏதாவது உண்டா என்று பாருங்கள். இல்லையென்றால் டிராக்கரைக் குடைவதை நிறுத்திவிட்டு, வீட்டில் ஒரு ஐகேட் போடுங்கள். ராஸ்பெரி பை, எஸ்.டி.ஆர். டாங்கிள், மொட்டைமாடியில் கால் அலை ஆன்டெனா (144 மெகாஹெர்ட்சுக்குச் சுமார் 49 செ.மீ.) போதும், கேட்டு ஏற்றும் வேலைக்கு டிரான்ஸ்மிட்டர் தேவையில்லை.

### 4அ. ஐகேட் உங்களுடையது, டீகோட் ஆகிறது, மேலே போகவில்லை

சர்வர் தரும் பதிலில் 'வெரிஃபைட்' என்று இருக்க வேண்டும். 'அன்வெரிஃபைட்' என்றால் பாஸ்கோடு தவறு. பாஸ்கோடு பின்னொட்டு எண் இல்லாத கால்சைனிலிருந்து கணக்கிடப்படுவது. -10 சேர்த்தாலும் அதே எண்தான். -1 என்று கொடுத்தால் படிக்க மட்டும் அனுமதி; இணைப்பு ஒழுங்காக இருப்பதுபோலத் தெரியும், ஒரு பேக்கெட்டும் ஏறாது.

இணைப்பே விழவில்லை என்றால் 14580 போர்ட்டை மோடமோ அலுவலக நெட்வொர்க்கோ அடைத்திருக்கலாம். போன் ஹாட்ஸ்பாட்டில் மாற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஃபில்டர் வரியைக் குற்றம் சொல்ல வேண்டாம். அது இணையத்திலிருந்து உங்களுக்கு இறங்குவதை மட்டுமே கட்டுப்படுத்தும்.

சில பேக்கெட்டுகளில் உங்கள் ஐகேட் பெயர் வரவில்லை என்பது கோளாறு அல்ல. இரண்டு ஐகேட் கேட்டால் முதலில் ஏற்றியவர் பெயர்தான் நிற்கும். 30 நொடிக்குள் வரும் நகலைச் சர்வர் கழித்துவிடும்.

## 5. மேப்பில் இருக்கிறது, இடம் தவறு

சென்னை நிலையம் வங்காள விரிகுடாவில். கையால் இடம் எழுதியவர்களுக்கே உரிய கோளாறு. ஏ.பி.ஆர்.எஸ். கேட்பது பாகையும் நிமிடமும். போன் மேப் தருவது தசமப் பாகை. சென்னை 13.0827, 80.2707 என்றால் தசமத்தை 60-ஆல் பெருக்கி 1304.96 வடக்கு, 08016.24 கிழக்கு என்று எழுத வேண்டும். புள்ளியை மட்டும் நகர்த்தி 1308.27, 08027.07 என்று எழுதினால் நிலையம் வடக்கே 6 கி.மீ., கிழக்கே கிட்டத்தட்ட 20 கி.மீ. தள்ளிக் கடலில் நிற்கும். மதுரைக்காரருக்கு இதே தவறு வேறு முகத்தோடு வரும்: 9.9252 என்பது 0992.52 ஆகிவிடும். 92 நிமிடம் என்று ஒன்று இல்லாததால் பேக்கெட்டே மறுக்கப்படும். தீர்க்கரேகைக்கு மூன்று இலக்கப் பாகை வேண்டும். முன்னால் உள்ள பூஜ்யத்தை விடாதீர்கள்.

கரீபியன் கடலில். கிழக்குக்குப் பதில் மேற்கு. அமெரிக்காவில் எழுதிய மென்பொருளின் இயல்பு மதிப்பு.

ஆப்பிரிக்காவுக்கு மேற்கே, கினி வளைகுடாவில். பூஜ்யம், பூஜ்யம். பூட்டு விழும் முன்பே டிராக்கர் அனுப்பியது. 'பூட்டு இல்லாமல் அனுப்பாதே' என்பதை இயக்குங்கள்.

நிற்கும் வண்டி 18 மீட்டர் தாவுகிறது. விட்டுவிடுங்கள். சாதாரண வடிவத்தில் கடைசி இலக்கம் நிமிடத்தின் நூறில் ஒன்று, அதாவது சுமார் 18.5 மீட்டர்.

எல்லாப் புள்ளியும் ஒரே பக்கம் ஒரே அளவு தள்ளி. ஜி.பி.எஸ்.ஸின் டேட்டம் (இடத்தைக் கணக்கிடும் அடிப்படை அளவை) டபிள்யூ.ஜி.எஸ்.-84 அல்லாமல் வேறொன்றில் இருக்கிறது. பழைய கையடக்க ஜி.பி.எஸ்.களில் எவரெஸ்ட் டேட்டம் தேர்வு உண்டு.

வீட்டுக்கும் சாலைக்கும் மாறி மாறிக் கோடு இழுக்கிறது. ஒரே பின்னொட்டு எண்ணோடு இரண்டு கருவிகள். காரில் -9, போனில் -5, வீட்டு ஐகேட்டில் -10 என்று பிரித்துவிடுங்கள்.

வண்டி சாலையில் பின்னோக்கிப் போய் வருகிறது. உங்கள் டிராக்கரில் குற்றமில்லை. வழியில் ஏதோ ஒரு டிஜிபீட்டரோ ஐகேட்டோ பேக்கெட்டைப் பிடித்துவைத்துத் தாமதமாக விடுகிறது. தாவிய புள்ளிகளின் ரா பேக்கெட்டில் பொதுவாக வரும் கால்சைனைக் கண்டுபிடித்து, அந்த நிலையத்தாருக்குச் சொல்லுங்கள்.

வளைவுகள் வெட்டுப்பட்டு நேர்கோடாக வருகின்றன. ஸ்மார்ட்பீக்கனிங்கின் திருப்பக் கோணம் பெரிது. 28 முதல் 30 பாகை, திருப்ப இடைவெளி 15 முதல் 30 நொடி வைத்துப் பாருங்கள். கொல்லிமலை ஏற்றத்தில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கும் பேக்கெட் போவதைத் தடுப்பது இந்த இடைவெளிதான். 5 நொடிக்கு இறக்காதீர்கள்.

நலம்தான், ஆனால் மேப்பில் அவசரநிலை என்று காட்டுகிறது. மைக்-இ என்ற சுருக்கமான பேக்கெட் வடிவத்தில் நிலைக்குறி 'எமர்ஜென்சி'யில் நிற்கிறது. 'ஆஃப் டியூட்டி' என்று மாற்றுங்கள், உடனே. சில ரிக்குகள் இதைக் கேட்டதும் அலாரம் அடிக்கும்.

## 6. நின்றால் வருகிறது, ஓடினால் வருவதில்லை

காருக்குள் ஹேண்டியின் ரப்பர் ஆன்டெனா என்றால் வேறு காரணம் தேட வேண்டாம். கூரைக்கு நடுவில் காந்த அடி ஆன்டெனா வைத்தாலே பாதிக்கு மேல் தீரும். ஓடும் வண்டியில் சிக்னல் நொடிக்குள் பலமுறை ஏறி இறங்கும். நீளமான பேக்கெட் அதில் அடிபடும். கமென்ட் வரியில் எழுதிய பேட்டரி அளவு, வணக்கம், இணைய முகவரி எல்லாவற்றையும் நீக்குங்கள். மைக்-இ அல்லது சுருக்கிய வடிவத்துக்கு மாறினால் பேக்கெட் இன்னும் குட்டையாகும்.

அடுத்து எஸ்.டபிள்யூ.ஆர். (ஆன்டெனா பக்கமிருந்து எவ்வளவு அலை திரும்புகிறது என்பதன் அளவு). 2-க்கு மேல் காட்டினால் கனெக்டர், காந்த அடி, கோஆக்ஸ் என்ற வரிசையில் பாருங்கள். குறைவாகக் காட்டுவதாலேயே கேபிள் நன்று என்று எண்ண வேண்டாம். நீர் புகுந்த கோஆக்ஸ் திரும்பி வரும் அலையையும் தின்றுவிட்டு மீட்டரை மகிழ்ச்சியாக வைத்திருக்கும். டம்மி லோடைக் கேபிளின் மறுமுனையில் மாட்டி, உள்ளே போகும் வாட்டையும் வெளியே வரும் வாட்டையும் அளப்பதுதான் நம்பத்தக்க சோதனை. ஆர்.ஜி.-58 புதிதாக இருந்தாலும் 20 மீட்டரில் பாதித் திறனுக்கு மேல் இழக்கும். வீட்டு ஐகேட்டுக்கு ஆர்.ஜி.-213 அல்லது எல்.எம்.ஆர்.-400 வாங்குங்கள்.

கோபுரத்தில் ஏற வேண்டியிருந்தாலோ, ஆன்டெனா கம்பம் சாய்ந்தால் மின்கம்பியைத் தொடும் தூரத்தில் இருந்தாலோ நீங்கள் ஏறாதீர்கள்; அந்த வேலைக்கு இடைக்கயிறும் அனுபவமும் உள்ள ஆள் வேண்டும். இடிதாங்கி எர்த்தையும் எலெக்ட்ரீஷியன் அளந்து தரட்டும்.

## 7. இடம் தெரிகிறது, மெசேஜ் வருவதில்லை

கேட்டு மட்டும் ஏற்றும் ஐகேட் இணையத்திலிருந்து உங்களுக்கு எதையும் இறக்காது. எஸ்.டி.ஆர். ஐகேட் போட்டவர்கள் எல்லோருக்கும் இது பொருந்தும். இருவழி ஐகேட்டாக இருந்தாலும், அண்மையில் உங்களை ரேடியோவில் கேட்டிருந்தால்தான் மெசேஜை இறக்கும். அரை மணிக்கு ஒருமுறை மட்டும் பீக்கன் விடும் நிலையத்தை அது மறந்துவிடலாம். மெசேஜ் எதிர்பார்க்கும்போது 10 நிமிடத்துக்கு ஒருமுறை அனுப்புங்கள். தனிப் பலகை டிராக்கர்கள் பல அனுப்ப மட்டுமே தெரிந்தவை. அவற்றுக்கு எவ்வளவு மெசேஜ் போட்டாலும் பதில் வராது.

## 8. விண்வெளி நிலையம் வழியே அனுப்பினேன், வரவில்லை

ஐகேட் இல்லாத ஊரில் இருப்பவர்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தின் டிஜிபீட்டரை நாடுவதுண்டு. அலைவரிசை 145.825, பாதை ஏரிஸ் என்ற ஒரே சொல். வைட் எதுவும் சேர்க்க வேண்டாம். டாப்ளர் நகர்வு இந்த அலைவரிசையில் 3.5 கிலோஹெர்ட்சுக்குள்தான், எஃப்.எம். ரிசீவர் தாங்கிக்கொள்ளும், அதைச் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம்.

முதலில் கேளுங்கள். நிலையம் தலைக்கு மேல் வரும் பத்து நிமிடத்தில் ஒரு பேக்கெட்டும் கேட்கவில்லை என்றால் டிஜிபீட்டர் அணைந்திருக்கலாம். விண்நடையின்போதும் கலங்கள் வந்து இணையும்போதும் அணைத்துவைப்பார்கள். மற்றவர்களுடையது கேட்கிறது, உங்களுடையது திரும்பி வரவில்லை என்றால் மோதல்: பல ஆயிரம் கிலோமீட்டர் பரப்பில் உள்ள எல்லோரும் ஒரே நேரத்தில் அனுப்புகிறார்கள். டிராக்கரைத் தானியங்கியில் விடாமல், இடைவெளி பார்த்துக் கையால் மூன்று நாலு முறை மட்டும் அனுப்புங்கள். உங்கள் பேக்கெட் நிலையத்திலிருந்து திரும்பி வந்ததைக் காதால் கேட்டும் மேப்பில் இல்லையென்றால், அந்த வட்டத்துக்குள் 145.825-ஐக் கேட்கும் ஐகேட் எதுவும் அப்போது இயங்கவில்லை. அந்தப் பத்து நிமிடத்துக்கு வீட்டு எஸ்.டி.ஆர். ஐகேட்டை அங்கே திருப்பிவைத்தால் நீங்களே ஏற்றிவிடலாம்.